இரவில் சுக்கான் யார் கையில்?

சிறு பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடந்து வந்தவர்களிடம் கரையில் இருப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ராத்திரியில் படகை எங்கே நிறுத்துவீர்கள்?” இருட்டியதும் நங்கூரம் போட்டு, தூங்கி எழுந்து, விடிந்தபின் புறப்படுவார்கள் என்று எண்ணுவது இயல்புதான். ஒரு சின்னக் கணக்கு போட்டால் அது ஏன் நடக்காது என்பது விளங்கிவிடும்.

நங்கூரம் தரையைப் பற்ற வேண்டுமானால் சங்கிலி அதைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இழுக்க வேண்டும். அதற்காக, ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நீளச் சங்கிலியை இறக்குவது வழக்கம். பசிபிக் பெருங்கடலின் சராசரி ஆழம் 4,000 மீட்டர் அளவு. அப்படியானால் 20 கிலோமீட்டர் சங்கிலி வேண்டும். சிறு படகுகளில் பயன்படும் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள சங்கிலி மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கும் சற்று அதிகமாக எடையுள்ளது. மொத்தம் 40 டன்னைத் தாண்டிவிடும். ஆள், தண்ணீர், மளிகை எல்லாம் சேர்த்தும் 12 மீட்டர் நீளப் படகின் எடை 10 டன் அளவுதான். அதில் உண்மையில் இருக்கும் சங்கிலி 60 முதல் 100 மீட்டர் வரை.

ஆகவே படகு நிற்பதில்லை. நள்ளிரவிலும் அதிகாலையிலும், மழையிலும் நிலவிலும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் அதில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் தூங்குகிறார், மற்றவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுக்கான் பிடியில் யார் கையும் இல்லை. அப்படியானால் படகை ஓட்டுவது யார்?

மூவாயிரம் மைல் வெட்டவெளி

ஒரு குறிப்பிட்ட பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகஸ் தீவுகளிலிருந்து பிரெஞ்சு பாலினேசியாவின் மார்க்கெசஸ் தீவுகளுக்கு. பசிபிக்கைக் கடக்கும் சிறு படகுகள் வழக்கமாகச் செல்லும் பாதை இது. தூரம் சுமார் 3,000 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்துக்கு ‘நாட்’ என்று பெயர். 12 மீட்டர் படகு நல்ல காற்றில் சராசரியாக 6 நாட் வேகத்தில் போகும். ஒரு நாளைக்கு 144 மைல். 3,000 மைலுக்கு 21 நாள். இடையில் ஒரு தீவும் கிடையாது.

இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் காற்று. நிலநடுக்கோட்டின் அருகே வெயிலில் சூடான காற்று மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் மேற்குப் பக்கமாக வளைகிறது. தென்கோளத்தில் இது தென்கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நாள்தோறும் வீசும். நம் பள்ளிப் புத்தகங்களில் வரும் வியாபாரக் காற்று இதுதான். கலாபகஸிலிருந்து புறப்படும் படகுகள் முதலில் தென்மேற்காக இறங்கி, காற்று நிலைபெறும் பகுதியைத் தேடிப் பிடிக்கின்றன. பிடித்துவிட்டால் முதுகுப் பக்கத்திலிருந்து காற்று, கீழே மேற்கு நோக்கி ஓடும் நீரோட்டம், இரண்டும் துணை.

காற்று திசை மாறாமல் வாரக்கணக்கில் வீசுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

நேராகப் போக மறுக்கும் படகு

காற்று ஒரே திசையில் வீசினால் படகும் தானாக நேரே போகாதா? போகாது. ஓர் அலை பின்னாலிருந்து வந்து படகின் பின்புறத்தைத் தூக்கும்போது மூக்கு ஒரு பக்கம் திரும்புகிறது. பலத்த காற்று வீச்சில் படகு சாய்ந்தால், நீருக்குள் இருக்கும் அதன் உடல் இருபுறமும் ஒரே வடிவமாக இருப்பதில்லை, அதனாலும் திரும்புகிறது. சில நொடிக்கு ஒருமுறை இப்படித் தள்ளப்படும் படகை யாராவது சில நொடிக்கு ஒருமுறை திருத்தியாக வேண்டும்.

அதை மனிதக் கையால் செய்தால் என்ன ஆகும்? 21 நாளில் 504 மணி நேரம் உண்டு. இரண்டு பேர் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுக்கானோடு மல்லுக்கட்ட வேண்டும். மிச்சமுள்ள 12 மணி நேரத்தில் சமையல், பாய்களைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், பழுது பார்ப்பது, தூக்கம் எல்லாம் அடங்க வேண்டும். முதல் வாரத்திலேயே இருவரும் சோர்ந்துவிடுவார்கள்.

படகின் அமைப்பையே துணையாகக் கொண்டு இதற்கு ஒரு வழி கண்டவர் ஜோஷுவா ஸ்லோகம். 1895-இல் பாஸ்டனிலிருந்து ‘ஸ்பிரே’ என்ற 11 மீட்டர் நீளப் படகில் தனியாகக் கிளம்பி, 1898-இல் உலகைச் சுற்றி முடித்தார். தனி ஆளாக உலகைச் சுற்றியவர்களில் அவரே முதல்வர். ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் கீலிங் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தார். அந்த 23 நாளில் தான் சுக்கானைப் பிடித்திருந்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறார். பாய்களின் இழுவையைச் சமன்செய்து, சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் ஸ்பிரே தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது.

ஆனால் ஸ்பிரே அகலமான, அடிக்கட்டை நீண்ட, மெதுவாகத் திரும்பும் படகு. வேகமும் லாகவமும் உள்ள இன்றைய படகுகள் அப்படி அடங்காது. அவற்றுக்கு வேறொரு சுக்கானி தேவைப்பட்டார்.

காற்றுக்கு விளிம்பு காட்டும் பலகை

1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு அட்லாண்டிக்கின் குறுக்கே ஆளுக்கொரு படகில் தனியாகச் செல்லும் முதல் போட்டி நடந்தது. ஐந்து பேர் கலந்துகொண்டார்கள். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் முதலாவதாக வந்தார். போட்டியை முன்மொழிந்த ராயல் மரீன் அதிகாரி பிளாண்டி ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது. இருவர் படகுகளிலும் காற்றால் இயங்கும் தானியங்கிச் சுக்கான் இருந்தது. ஹாஸ்லர் உருவாக்கி வளர்த்த வகையே இன்றும் உலகெங்கும் பெருங்கடல் படகுகளின் பின்புறத்தில் காணப்படுகிறது. இதைக் காற்றுச் சுக்கானி என்று அழைப்போம்.

இதில் மூன்று உறுப்புகள் முக்கியம். முதலாவது, படகின் பின்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய ஒட்டுப்பலகை. கீழே எதிர்எடை இருப்பதால் சமநிலையில் நிற்கும், லேசாகத் தொட்டாலே சாயும். இரண்டாவது, நீருக்குள் நேராகத் தொங்கும் ஒடுக்கமான துடுப்பு. மூன்றாவது, அந்தத் துடுப்பிலிருந்து சுக்கான் பிடிக்குச் செல்லும் இரண்டு கயிறுகள். மின்சாரம் இல்லை, எஞ்சின் இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு திருத்தத்தை மெதுவாகப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அதிகாலை மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு மேற்கு நோக்கி 6 நாட் வேகத்தில் போகிறது. காற்று பின்னாலிருந்து, கிழக்கிலிருந்து, 15 நாட். பலகையின் விளிம்பு காற்றைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருக்கிறது. காற்று இருபுறமும் சமமாக வழுக்கிச் செல்வதால் பலகை நிமிர்ந்தே நிற்கிறது. துடுப்பும் ஓடும் நீருக்கு விளிம்பைக் காட்டி நேராகத் தொங்குகிறது.

ஓர் அலை வந்து படகின் மூக்கை வடக்குப் பக்கமாகப் பத்து பாகை திருப்புகிறது. படகோடு பலகையும் திரும்புகிறது. காற்று திரும்பவில்லை. இப்போது காற்று பலகையின் ஒரு முகத்தில் மோதுகிறது, பலகை மறுபக்கம் சாய்கிறது.

சாயும் பலகையை ஒரு விரலால் தடுத்துவிடலாம். படகு 6 நாட் வேகத்தில் முன்னே ஓடுவதால் 15 நாட் காற்று படகில் இருப்பவருக்கு 9 நாட்டாகவே உறைக்கிறது. அவ்வளவு மெல்லிய காற்றால் 10 டன் படகின் சுக்கானை அசைக்க முடியாது. அசைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாயும் பலகை ஒரு கம்பியைத் தள்ளித் துடுப்பைத் தன் அச்சில் சற்றே திருகுகிறது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. மதகைத் திறப்பவர் தண்ணீரைச் சுமப்பதில்லை. அவர் பலகையை உயர்த்துகிறார், வாய்க்காலை நிரப்பும் வலு ஏரியில் இருக்கிறது. இங்கே அந்த வலு, படகின் அடியில் ஓடும் நீரில் இருக்கிறது.

திருகிய துடுப்பு இப்போது நீருக்குத் தன் முகத்தைச் சாய்வாகக் காட்டுகிறது. நீர் அதைப் பக்கவாட்டில் அடித்து ஊசலைப் போல் வீசுகிறது. எவ்வளவு விசை? கடல்நீர் காற்றைவிட ஏறத்தாழ 850 மடங்கு அடர்த்தியானது. வேகம் காற்றுக்கு 9 நாட், நீருக்கு 6 நாட். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மோதும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஒன்பதில் நான்கு பங்காகக் குறையும். 850-ஐ ஒன்பதில் நான்கு பங்காக்கினால் ஏறத்தாழ 380. சம பரப்பும் சம சாய்வும் உள்ள பலகைக்குக் காற்று தருவதைவிட 380 மடங்கு விசையை நீர் தருகிறது.

அந்த விசையில் வீசும் துடுப்பு கயிற்றை இழுக்க, கயிறு சுக்கான் பிடியை இழுக்க, படகு தெற்குப் பக்கமாகத் திரும்பி மீண்டும் மேற்கைப் பார்க்கிறது. பலகையின் விளிம்பு மறுபடியும் காற்றைப் பார்க்கிறது. பலகை நிமிர்கிறது, துடுப்பு நேராகிறது, சுக்கான் நடுவுக்கு வருகிறது. எல்லாம் சில நொடிகளில். அடுத்த அலைக்கும் இதே கதை. 21 நாளில் லட்சம் முறைக்கு மேல் இது நடக்கக்கூடும்.

அளவறிந்த திருத்தம்

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. படகு கனமானது. திரும்பத் தொடங்கினால் உடனே நிற்காது. மேற்கைத் தாண்டித் தெற்கே போய்விடும். அங்கிருந்து எதிர்த் திருத்தம், மறுபடி வடக்கே. புதிதாகச் சுக்கான் பிடிப்பவர் கையில் படகு பாம்பாக நெளிவது இதனால்தான். அவர் விலகலைக் காண்கிறார், ஆனால் திருத்தத்தை எப்போது விடுவது என்று அவருக்குத் தெரிவதில்லை.

காற்றுச் சுக்கானியின் வடிவமைப்பில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பலகை சாயும் அச்சு கிடைமட்டமாக இல்லாமல் சற்றே ஏற்றமாக வைக்கப்பட்டிருக்கும். அதனால் பலகை சாயச் சாய, காற்று அதன் முகத்தில் மோதுவது குறையும். சிறு விலகலுக்குச் சிறிய சாய்வு, பெரிய விலகலுக்குப் பெரிய சாய்வு. இரண்டாவதாக, துடுப்பு பக்கவாட்டில் வீசும்போதே அதன் திருகலைத் தளர்த்தும்படி பற்சக்கரங்கள் கோக்கப்பட்டிருக்கும். வேண்டிய அளவு வீசியதும் துடுப்பு தானே அடங்கிவிடும்.

ஒரு செயலின் விளைவே திரும்பி வந்து அந்தச் செயலைக் கட்டுப்படுத்துவதைப் பின்னூட்டம் என்கிறோம். நம் உடலின் வெப்பமும் இரத்தத்தின் சர்க்கரையும் இதே விதியில்தான் நிலைநிற்கின்றன. காற்றுச் சுக்கானி சிந்திப்பதில்லை, அளப்பதில்லை, நினைவு வைத்துக்கொள்வதில்லை. வழிதவறுதல் என்ற பிழையே அதைத் திருத்தும் விசையைத் திறந்துவிடுகிறது. திருத்தம் முடிந்ததும் விசை தானே மூடிக்கொள்கிறது. காற்று கூடினால் படகைத் தள்ளும் வலு கூடும். படகின் வேகம் கூடுவதால் துடுப்பின் வலுவும் சேர்ந்து கூடும். ஆபத்து வளரும்போது காவலும் வளர்கிறது. இதைப் போல அழகான பொறியியல் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

பாட்டரியில் இயங்கும் மின் சுக்கானிகளும் இருக்கின்றன. பல படகுகள் இரண்டையும் வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் நீண்ட பயணத்தில் மின்சாரம் கேட்காத சுக்கானிக்கு ஈடில்லை. நம் நாட்டுப் படகோட்டி அபிலாஷ் டோமி இரண்டாம் இடம் பெற்ற 2022-ஆம் ஆண்டின் கோல்டன் குளோப் படகுப் போட்டியில் மின் சுக்கானிக்கு அனுமதியே கிடையாது. காற்றுச் சுக்கானியை நம்பித்தான் போட்டியாளர்கள் உலகைச் சுற்றினார்கள். அந்தப் போட்டியின் மூலவடிவமான 1968-69 பந்தயத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில் கட்டப்பட்ட ‘சுஹைலி’ என்ற படகில் 312 நாளில் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். வழியில் அவருடைய காற்றுச் சுக்கானி உடைந்துபோனது. ஸ்லோகம் செய்ததைப் போலப் பாய்களைச் சமன்செய்தே மீதிப் பயணத்தை முடித்தார்.

சுக்கானிக்குத் தெரியாதவை

காற்றுச் சுக்கானி திசைகாட்டியைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்த ஒரே வழிகாட்டி காற்று. மழைமேகம் ஒன்று கடக்கும்போது காற்று முப்பது பாகை மாறினால் படகும் முப்பது பாகை மாறிச் செல்லும், சிறிதும் தயங்காமல். வியாபாரக் காற்று நாள்கணக்கில் நிலையாக வீசுவதால்தான் இந்தப் பாதையில் அதை நம்ப முடிகிறது. படகில் விழித்திருப்பவர் மணிக்கு ஒருமுறையாவது திசைகாட்டியைப் பார்த்து, தேவைப்பட்டால் பலகையைச் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, எதிரில் வரும் கப்பல் அதற்குத் தெரியாது. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள், எந்தக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் காக்க வேண்டும் என்கின்றன. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும்? அதே விதிகளின்படி 50 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பலின் உச்சிக் கம்ப விளக்கு குறைந்தது 6 மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். சரக்குக் கப்பல் 18 நாட் வேகத்தில் எதிரே வருகிறது, நம் படகு 6 நாட்டில் போகிறது. இரண்டும் நெருங்கும் வேகம் 24 நாட். 6 மைல் இடைவெளி 15 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இப்போது பார்த்தபோது வெறும் இருட்டாக இருந்த அடிவானத்திலிருந்து ஒரு கப்பல் கால் மணி நேரத்தில் தலைக்கு மேல் வந்துவிடலாம். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது முழு வட்டமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

விளக்கு தெரிந்தபின் அது மோதுமா, விலகுமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. விளக்கு இருக்கும் திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொண்டு, சில நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். திசை மாறியிருந்தால் கப்பல் முன்னாலோ பின்னாலோ கடந்துவிடும். திசை மாறாமல் விளக்கு மட்டும் நெருங்கினால், இரண்டு கலங்களும் ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றன என்று பொருள்.

இன்று பெரிய கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை வானொலியில் அறிவித்துக்கொண்டே செல்கின்றன. ஏ.ஐ.எஸ். எனப்படும் அந்தத் தானியங்கி அடையாள அமைப்பு அபாயமணி அடித்து எழுப்பும். பெரும் உதவிதான். ஆனால் அந்தக் கருவி இல்லாத மீன்பிடிப் படகுகளையும், மிதக்கும் மரத்தையும் அது காட்டாது.

தூக்கத்தைப் பங்கிடும் கலை

எனவே எப்போதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். இரண்டு பேர் படகில் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை மூன்று மூன்று மணி நேரமாக நான்கு காவல்களாகப் பிரித்துக்கொள்வது ஒரு வழக்கம். ஒவ்வொருவருக்கும் இரண்டு துண்டு தூக்கம் கிடைக்கும். நம் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடப்பது. மூன்று மணி நேரத்தில் இரண்டு சுற்று முடிகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுப்பப்பட்டால் சில நிமிடங்களுக்கு மூளை கலங்கி நிற்கும். இதை விழிப்பு மந்தம் எனலாம். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகளை நம்ப முடியாது. கண்ணுக்கும் அவகாசம் வேண்டும். மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அவை சிவப்பொளியால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை என்பதால் படகின் உள்ளே இரவில் சிவப்பு விளக்கு எரியும். காவல் மாறும்போது புதியவர் வந்ததும் பழையவர் உடனே படுக்கப் போய்விடாமல் சிறிது நேரம் உடன் இருப்பது இந்தக் காரணங்களால்தான்.

தூங்குமிடமும் அடுப்பும் முடிந்தவரை படகின் நடுப்பகுதியில் அமைக்கப்படும். முன்னும் பின்னும் படகு ஏறி இறங்குகையில் நடுவில்தான் ஆட்டம் குறைவு. படுக்கையின் ஓரத்தில் கெட்டித் துணியைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டால் உருண்டு விழாமல் தூங்கலாம். அடுப்பு அச்சில் தொங்குவதால் படகு சாய்ந்தாலும் பாத்திரம் மட்டமாக நிற்கும். மூடியைப் பூட்டிவிடலாம் என்பதால் குக்கர் இங்கே பாதுகாப்பான பாத்திரம்.

முதல் மூன்று நான்கு நாள் உடல் முரண்டு பிடிக்கும். பிறகு பழகும். கலாபகஸ் கடிகாரத்துக்கும் மார்க்கெசஸ் கடிகாரத்துக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் இருந்தாலும் அதை உடல் உணர்வதே இல்லை. நாளுக்குப் பத்து நிமிடமாக அது கரைந்துவிடுகிறது.

இரண்டே பேர் இப்படிக் காவல் மாற்றிக் காவல் மாற்றி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் காலத்துச் சான்று இருக்கிறது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னா என்ற இரண்டு இந்தியக் கடற்படை அதிகாரிகள் 17 மீட்டர் நீள ‘தாரிணி’யில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். நியூசிலாந்திலிருந்து ஃபாக்லாந்து தீவுகளுக்குச் செல்லும் வழியில் எந்த நிலத்திலிருந்தும் மிகத் தொலைவில் உள்ள நீமோ புள்ளியையும் கடந்தார்கள்.

நிலம் நெருங்கும் இரவு

பெருங்கடலின் நடுவில்தான் ஆபத்து அதிகம் என்று நமக்குத் தோன்றும். படகோட்டிகளின் கணக்கு வேறு. நடுக்கடலில் மோதுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. நிலம் நெருங்க நெருங்கத்தான் அவர்களுக்குத் தூக்கம் குறைகிறது. மார்க்கெசஸின் ஹிவா ஓவா, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த எரிமலைத் தீவு. பகலில் வெகு தொலைவிலேயே தெரியும். அதையும் தாண்டிச் சென்றால் வரும் துவாமோத்து பவளத்தீவுகளோ நீர்மட்டத்தை ஒட்டியே கிடக்கின்றன. அங்கே உயரமானவை தென்னை மரங்கள்தான். பத்து மைலுக்குள் வந்தால்தான் பகலிலேயே கண்ணில் படும். இரவில் அதுவும் இல்லை. இங்கே காற்றுச் சுக்கானியை அப்படியே விட்டால், மூவாயிரம் மைல் காட்டிய அதே விசுவாசத்தோடு படகைப் பவளப்பாறையில் கொண்டுபோய் மோதும்.

அதனால் தீவு நெருங்கியதும் படகோட்டிகள் கணக்குப் பார்க்கிறார்கள். இருட்டில் போய்ச் சேரும்படி இருந்தால் பாய்களைச் சுருக்கி வேகத்தைக் குறைக்கிறார்கள். அல்லது முன்பாயை எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபக்கம் திருப்பிக் கட்டி, இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும்படி செய்து, தீவிலிருந்து பாதுகாப்பான தொலைவில் மெல்ல மிதந்தபடி விடியலுக்குக் காத்திருக்கிறார்கள்.

காற்றுச் சுக்கானியிடம் ஒப்படைக்கக் கூடியது விலகினால் திருத்தும் வேலை. ஓயாமல், சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய அதை மனிதரைவிடக் காற்றும் நீரும் நன்றாகச் செய்கின்றன. எங்கே போகிறோம், எப்போது நிற்க வேண்டும், தூரத்தில் தெரியும் விளக்கு எதைக் குறிக்கிறது என்று கேட்கும் வேலையை ஒப்படைக்க முடியாது. முதல் வேலையைக் கைவிட்டதால்தான் இரண்டாவதைச் செய்யத் தெளிந்த மூளை மிஞ்சுகிறது. விடிந்து பாறைகள் தெளிவாகத் தெரிந்ததும் கயிறுகளைச் சுக்கான் பிடியிலிருந்து கழற்றிவிட்டு, துடுப்பை நீரிலிருந்து தூக்கிக் கட்டுகிறார்கள். துறைக்குள் படகைக் கையால்தான் ஓட்டுவார்கள்.